சாக்குத் தையல்

மகாராணி ஒரு சேவல்கட்டுச் சண்டையையும் கண்ணால் பார்த்ததில்லை. கட்டு நடக்கும் இடத்துக்குப் பெண்கள் போகும் வழக்கமில்லை. ஆனால் அடிபட்ட சேவலை மடியில் கிடத்தி இறகை விலக்கிப் பார்த்தாள் என்றால், சண்டையை முழுசாகச் சொல்லிவிடுவாள்.

"எதிர்ச் சேவல் இதைவிட ஒசரம். மேல ஏறிக் குத்தியிருக்கு. கால்ல கத்தி கட்டினவன் அவசரத்துல கட்டியிருக்கான், கத்தி வெளிப்பக்கம் திரும்பிக் கெடந்திருக்கு. இல்லாட்டி இது இங்க வந்திருக்காது."

"பக்கத்துல நின்னு பாத்த மாதிரி சொல்றியே சிலோன்காரி" என்பார்கள் சேவல் கொண்டுவந்தவர்கள். அவள் அடுத்த தையலுக்கு இடம் பார்ப்பாள். ஊசி பல்லிடுக்கில் இருக்கும்.

எட்டு வயதில் தலைமன்னாரில் கப்பலேறி வந்தவள். மண்டபம் முகாமில் நாற்பது நாள். பிறகு லாரியில் மலையேறி, பண்ணைக்காட்டுக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்து லயம், கூலிக்காரர்களின் வரிசை வீடு. வந்து முப்பது வருடமாகியும் அவள் தேத்தண்ணி என்றுதான் சொன்னாள். ஊரும் அவளைச் சிலோன்காரி என்றுதான் சொன்னது.

பதினாறு வயதிலிருந்து தோட்டத்து முதலாளி சேனாதிபதியின் காப்பிக் கிட்டங்கியில் சாக்கு தைத்தாள். கோணி ஊசி, சணல். கொட்டை நிரப்பிய சாக்கின் வாயை மடித்து, ஒரு மூலையில் காது விட்டுத் தொடங்கி மறு மூலையில் காது விட்டு முடிக்க வேண்டும். தூக்குகிறவன் அந்தக் காதைப் பிடித்துத்தான் தூக்குவான். அவள் தைத்த சாக்கு வத்தலக்குண்டு போய் இறங்கும்வரை ஒரு கொட்டை சிந்தாது.

கல்யாணமான வருடம் புருஷன் மணியன் குடல் சரிந்த சேவல் ஒன்றைக் குழம்புக்கென்று கொண்டுவந்து போட்டான். அது தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. அவள் குடலை மஞ்சள் தண்ணீரில் அலசி உள்ளே தள்ளி, தையல் ஊசியால் தைத்தாள். அவளுக்குத் தெரிந்த தையல் ஒன்றுதான். இரண்டு முனையிலும் காது விட்டாள். சேவல் அதற்குப் பிறகு நான்கு வருடம் உயிரோடு இருந்தது.

மணியன் சேனாதிபதியின் கட்டுச் சேவல்களை வளர்ப்பவன். பதினெட்டுச் சேவல்கள். விடியுமுன் எழுந்து அவற்றுக்குக் கம்பு வைத்து, தொட்டியில் நீச்சல் விட்டு, துணியைச் சுடவைத்து நெஞ்சுக்கு ஒத்தடம் கொடுப்பான். கத்தி கட்டுவதும் அவன்தான். இடதுகைக்காரன் என்பதால் அவன் கட்டும் நூல் மற்றவர்கள் சுற்றும் திசைக்கு எதிர்த் திசையில் சுற்றும். முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்து, விரல்கடை மிச்சம் விடுவான். பண்ணைக்காட்டிலிருந்து தாண்டிக்குடி வரை சேவல்காரர்கள் எல்லோருக்கும் அந்தக் கட்டு தெரியும்.

சேவல்கட்டில் எதிர்த்தரப்பு திருமலைச்சாமி. மூன்று ஜீப் ஓட்டுகிறவர். அவருக்கும் சேனாதிபதிக்கும் பகை எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எல்லாக் கதையிலும் ஒரு சேவல் இருக்கும். தொண்ணூற்று ஒன்பது தை மாதம் திருமலைச்சாமியின் ஆள் ஒருவன் வீசிய வீச்சில் சேனாதிபதியின் இடது காது பாதி தொங்கிப்போனது. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும், கத்திக்கட்டு நடந்தது வெளியே தெரியும். அவரை லயத்துக்குத்தான் கொண்டுவந்தார்கள். மகாராணி தைத்தாள். காது ஒட்டவில்லை, பாதி கருகி விழுந்தது. ஆனால் சீழ் பிடிக்கவில்லை. அதிலிருந்து மனுசர்களையும் கொண்டுவர ஆரம்பித்தார்கள். அரிவாள் பட்ட முழங்கை, பாட்டில் கிழித்த தொடை. ஒருவரும் சாகவில்லை. அதுதான் பின்னால் வந்த தப்புக்குக் காரணம்.

திருமலைச்சாமியின் ஜீப்பை ஓட்டியது, சேவல்கட்டில் அவர் சேவலைப் பிடித்து விட்டது, மகாராணியின் தம்பி பொன்னுவேல். அதனால் ஒவ்வொரு தையிலும் அவள் புருஷனும் தம்பியும் நான்கு முழ தூரத்தில் எதிரெதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஆளுக்கொரு சேவலைப் பிடித்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பொழுது சாய்ந்ததும் இருவரும் லயத்தில் அவள் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், தேத்தண்ணி குடிப்பார்கள்.

"மச்சான், இன்னைக்கு எங்காளு உங்க மொதலாளியப் பாத்த பார்வையில காதுல மிச்சமிருந்ததும் அந்து விழுந்திருக்கணும்."

"சும்மா கெட மாப்ள. அது அவிங்க சோலி."

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, இரண்டாயிரத்து ஐந்து தை வரைக்கும்.

சேவல்கட்டில் தோற்ற சேவலுக்குக் கோச்சை என்று பெயர். செத்தாலும் சரி, சாகாமல் கழுத்தைத் தொங்கப் போட்டாலும் சரி, கோச்சை ஜெயித்தவனுக்குச் சொந்தம். அதை அவன் அன்றைக்கே அறுத்துக் குழம்பு வைக்க வேண்டும். தோற்றவன் அதைத் திருப்பிக் கேட்க மாட்டான். ஜெயித்தவன் அதை வளர்க்க மாட்டான். எழுதி வைக்காத சட்டம். தன் சேவல் தன்னை ஜெயித்தவன் வீட்டு முற்றத்தில் இரை பொறுக்குகிறது என்று கேள்விப்படுவதைவிட ஒரு சேவல்காரனுக்குக் கேவலம் இல்லை.

அந்தத் தையில் திருமலைச்சாமியின் செங்கருப்புச் சேவல் ஐந்தாவது நிமிடத்தில் விழுந்தது. குஞ்சாக இருந்தபோது கீரி கடித்து இடதுகால் நடுவிரலில் நகமில்லாத சேவல். சேனாதிபதி அந்தக் கோச்சையைக் காலால் மணியன் பக்கம் தள்ளினார். "கொண்டு போய்த் தின்னுடா."

மகாராணி உலை வைத்தாள். இறகு பிடுங்க வெந்நீரில் முக்குவதற்காகக் காலைப் பிடித்துத் தூக்கியபோது, இறக்கைக்குக் கீழே இருந்த காயத்தில் ரத்தம் கொப்புளித்து நின்றது, மறுபடி கொப்புளித்தது. அவள் சேவலை மடியில் வைத்தாள்.

"என்ன பண்ற?" என்றான் மணியன்.

"உசுரு இருக்குங்க."

"கோச்சைக்கு உசுரு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. ஒலை கொதிக்குது பாரு."

"கொதிக்கட்டும்."

பதினாறு தையல். முதலும் கடைசியும் காது. எதற்குத் தைத்தாள் என்று பின்னால் பலர் கேட்டார்கள். அவள் கை சும்மா இருந்து பழகவில்லை, அவ்வளவுதான். காலையில் அறுத்துக்கொள்ளலாம் என்று மணியனும் விட்டான். காலையில் அது கம்பு தின்றது.

மணியனுக்கு அதுதான் கெட்டதாகப் போயிற்று. இருபத்திரண்டு வருடம் இன்னொருவன் சேவலுக்கு ஒத்தடம் கொடுத்தவன். தனக்கென்று ஒரு சேவல் இருந்ததில்லை. முதலாளியின் லயத்தில் வேலைக்காரன் கட்டுச் சேவல் வைத்துக்கொள்ள முடியாது. மிளகுக் கொடிக்குப் பின்னால், சவுக்கு மிலாறுக் குச்சிகள் அடைத்து ஒரு மறைவு கட்டினான். பதினெட்டுச் சேவலுக்கும் செய்ததைப் பத்தொன்பதாவதுக்கு இரண்டு மடங்கு செய்தான். பொன்னுவேல் வரும்போதெல்லாம் அவனை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டான். ஒரு வருடத்தில் சேவல் முன்னிலும் கனத்தது.

அடுத்த தை பிறந்ததும் அதைக் கட்டுக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னான்.

"வேணாங்க" என்றாள் மகாராணி.

"மொதலாளிகிட்டச் சொல்லிட்டேன். கொடைக்கானல் சந்தையில வாங்குன சேவல், உங்க பேருலயே விடுறேன்னு. சரின்னுட்டாரு."

"எதுக்க ஒக்காரப் போறது என் தம்பி."

"அவன் சிரிப்பான்."

"திருமலைச்சாமி சிரிக்க மாட்டாரு. நகமில்லாத வெரலு. எறக்கைக்கு அடியில என் தையலு. சாக்கு தச்ச மாதிரி கெடக்கு, குருடனும் தடவிப் பாத்துச் சொல்லிருவான்."

"ரத்தம் பட்டா எல்லாச் சேவலும் ஒண்ணுதான்."

"உங்க ரெண்டு பேருல யாருக்காச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருகிட்டப் போவேன்?"

மணியன் சேவலின் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தான். "ஒரே ஒரு கட்டு. என் சேவலுன்னு ஒருக்க விட்டுப் பாத்துர்றேன். ஜெயிச்சாலும் தோத்தாலும் அறுத்துருவோம்."

அவள் சோறு கட்டிக் கொடுத்தாள்.

அன்று நடந்ததை அவள் பார்க்கவில்லை. பின்னால் பலபேர் பலவிதமாகச் சொன்னதில் இவ்வளவு பொதுவாக இருந்தது: வறண்ட ஓடையில் கட்டு. மணியனும் பொன்னுவேலும் கத்தி கட்டிய சேவல்களைப் பிடித்து உட்கார்ந்தார்கள். விடுவதற்கு முன் திருமலைச்சாமி குனிந்து மணியனின் சேவலுடைய காலைப் பார்த்தார். இறக்கையைத் தூக்கிப் பார்த்தார். நிமிர்ந்து சேனாதிபதியைக் கேட்டார்.

"எச்சிச் சோறு திங்கிறவன்னு தெரியும். இத்தனை எச்சியா?"

சேனாதிபதிக்குப் புரிவதற்குள் முதல் கல் வந்துவிட்டது. பிறகு கம்பு, பிறகு அரிவாள். ஒருவனுக்குத் தாடை பெயர்ந்தது. ஒருவன் பாறையில் மண்டை மோத விழுந்து வாந்தியெடுத்தான். நடுவில் மணியன் சேவலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழ முயன்றான். பொன்னுவேல் அவனை வெளியே இழுக்கப் பாய்ந்தான். நாலைந்து பேர் அவர்கள் மேல் விழுந்தார்கள். எழுந்தபோது மணியனின் வேட்டி சிவப்பாக இருந்தது. அவனைப் பிடித்திருந்தது பொன்னுவேலின் கை.

"சிலோன்காரி தம்பி குத்திட்டான்" என்று யாரோ கத்தினார்கள்.

மூன்று மணி வாக்கில் ஜீப் லயத்து வாசலில் வந்து நின்றது. பொன்னுவேல் மணியனைத் தோளில் போட்டுத் தூக்கிவந்து பாயில் கிடத்தினான். துண்டைத் தொடையில் இறுக்கிக் கட்டியிருந்தான். துண்டு சொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, தையி. வெரசா தையி."

மகாராணி பார்த்த பார்வையில் அவன் ஓரடி பின்வாங்கினான். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாம என்னத்துக்குடா இங்க கொண்டாந்த?"

"ஒன்றரை மணி நேரமாகும். நீ இருக்கியேன்னு..."

மேற்கொண்டு கேட்க நேரமில்லை. துண்டை அவிழ்த்தாள். தொடையின் உள்பக்கம், இடுப்புக்கு நாலு விரல் கீழே. ரத்தம் நாடித்துடிப்போடு துள்ளி அவள் கழுத்தில் அடித்தது. கட்டை விரலை உள்ளே விட்டு அழுத்தினாள். நின்றது. விரலை எடுத்தால் துள்ளியது. ஒரு கையால் அழுத்தி மறுகையால் தைத்தாள். பொன்னுவேல் ஊசியில் நூல் கோத்துக் கோத்துக் கொடுத்தான். மேல்தோல் மூடியது. தையல் கச்சிதமாக, சாக்குத் தையல் மாதிரியே வரிசையாக நின்றது. அதற்குக் கீழே தொடை மெல்ல ஊதிக் கறுத்தது. வெளியே வர வழியில்லாத ரத்தம் உள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. சாக்கு சிந்தவில்லை.

"ராணி" என்றான் மணியன். "அதுக்குத் தண்ணி வச்சியா?"

அதுதான் அவன் கடைசியாகப் பேசியது. கொஞ்ச நேரத்தில் அவன் கால் குளிர்ந்தது, பிறகு கை.

அவள் அழத் தொடங்கவில்லை. காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தைக்கிற அவசரத்தில் பார்க்காததை இப்போது பார்த்தாள். மேலே சின்னதாக, ஆழமாக ஒரு துளை. அதிலிருந்து கீழே வர வர மெலிந்து வால் மாதிரி ஒரு இழுப்பு. மனுசன் குத்தினால் போன வழியே திரும்பி வரும். சேவல்தான் குத்தி இழுக்கும். பக்கத்திலேயே இரண்டு நகக்கீறல். நடுக்கீறல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெறும் தடம்.

"சேவல் எங்கடா?"

"ஜீப்புல. பின்சீட்டுக்கு அடியில. மச்சான் கையில இருந்து எடுத்து அப்படியே கட்டிப் போட்டேன். அங்க விட்டுட்டு வர மனசு வரல."

"கத்திய அவுத்தியா?"

"இல்லக்கா. நான் கத்தியத் தொடவே இல்ல."

அவள் எழுந்து போய்ச் சேவலை எடுத்துவந்தாள். வலது காலில் கத்தி அப்படியே இருந்தது. முனையிலிருந்து அடிவரை ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. நூல் எதிர்த் திசையில் சுற்றியிருந்தது. விரல்கடை மிச்சம்.

சேனாதிபதியின் டிராக்டர் மேடேறும் சத்தம் கேட்டது.

"நீ ஓடுறா. காப்பிக்குள்ள எறங்கிப் போயிரு."

"ஓடினா நான்தான் குத்தினேன்னு ஆயிரும்க்கா" என்றான் பொன்னுவேல். மச்சானின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டான்.

டிராக்டரிலிருந்து சேனாதிபதியையும் சேர்த்து ஆறு பேர் இறங்கினார்கள். ஓட்டிவந்த யோகேஷ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மேலேயே இருந்தான். இருபது வயது தாண்டாதவன், மணியனிடம் சேவல் பிடிக்கக் கற்றவன். சேனாதிபதியின் கையில் வாழைத்தார் வெட்டும் அரிவாள் இருந்தது. வாசலில் நின்று உள்ளே பார்த்தார். பாயில் கிடந்தவனுக்கு உயிரில்லை என்று தெரிந்துகொண்டார்.

"மகாராணி, நீ வெளிய வா. ஒன் புருசனக் கொன்னவன நான் பாத்துக்கிறேன்."

அவள் வாசலை அடைத்து நின்றாள். இரண்டு கையாலும் சேவலின் கால்களைப் பிடித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கொன்னது இது. கத்தி இன்னும் கால்லதான் கெடக்கு. நூலப் பாருங்க மொதலாளி. எந்தக் கை சுத்துன நூலுன்னு உங்களுக்குத் தெரியும். அவுத்துக் குத்தியிருந்தா திருப்பி இந்தக் கட்டு யாரு கட்டினா? செத்தவரா எந்திரிச்சு வந்து கட்டினாரு?"

ஆறு பேரும் சேவல்காரர்கள். ஆறு பேரும் அந்த நூலைப் பார்த்தார்கள். சேனாதிபதியும் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்பதை மகாராணி அவருடைய பாதிக் காது சிவப்பதில் பார்த்தாள்.

அவர் அரிவாள் நுனியை நூலுக்கு அடியில் விட்டு ஒரு இழுப்பு இழுத்தார். கத்தி மண்ணில் விழுந்தது. அதைக் காலால் எத்திக் காப்பிச் செடிக்குள் தள்ளினார். சேவல் அவள் பிடியிலிருந்து உதறிக்கொண்டு பறந்தது.

"இப்பச் சொல்லு. எந்த நூலு?"

அவளைத் தோளைப் பிடித்துத் தள்ளினார். நிலைப்படியில் அவள் நெற்றி மோதியது. உள்ளே பொன்னுவேல் எழுந்து நின்றான். அரிவாள் இறங்கியபோது கழுத்துக்குக் குறுக்கே வலது கையைத் தூக்கினான். மணிக்கட்டுக்கு மேலே இறங்கி எலும்பில் மாட்டி நின்றது. இழுத்து மறுபடி வீசினார். கை மணியனின் பாயில் விழுந்தது. மூன்றாவது வீச்சுக்கு ஓங்கும்போது, யோகேஷ் டிராக்டரிலிருந்து குதித்து வந்து பின்னாலிருந்து அவர் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துத் தூக்கிவிட்டான்.

"போதும் மொதலாளி. அது மணியண்ணன் கட்டுதான். நான் பாத்தேன்."

"விடுடா நாயே."

"எல்லாரும்தான் பாத்தோம்" என்றான் யோகேஷ், விடாமல். மற்ற ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள்.

பொன்னுவேல் சுவரோடு சரிந்தான். வெட்டுப்பட்ட இடத்தைப் பார்க்காமல் அக்காவையே பார்த்தான்.

"தையிக்கா."

ஊசி பக்கத்திலேயே கிடந்தது. நூல் கோத்தபடி. அவள் கை அதற்குப் போனது. பாயில் கிடந்த தொடையைப் பார்த்தாள். ஊதி, கறுத்து, பதினாலு தையலோடு, இரண்டு முனையிலும் காதோடு. ஊசியை எடுத்துத் தூர எறிந்தாள்.

சேலை முந்தானையைக் கிழித்து முழங்கைக்கு மேலே சுற்றினாள். அகப்பைக் காம்பை உள்ளே செருகி முறுக்கினாள். ரத்தம் நிற்கும்வரை, தம்பி அலறியும் விடாமல், முறுக்கினாள்.

"யோகேசு, ஜீப்ப எடு. வத்தலக்குண்டுக்கு. எங்கயும் நிக்காத."

"அண்ணன்..." என்று யோகேஷ் பாயைக் காட்டினான்.

"அவருக்கு இனிமே அவசரமில்ல."

பக்கத்துக் காம்பராப் பெண்களிடம் விளக்கேற்றி வைக்கச் சொல்லிவிட்டு ஏறினாள். மலையிறங்கும் ஒன்றரை மணி நேரமும் அந்த அகப்பைக் காம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரியில் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கை போனது போனதுதான், ஆள் பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகுதான் அவள் உட்கார்ந்தாள். நெற்றியில் வழிந்து காய்ந்திருந்ததை யாரோ துடைத்துவிட்டார்கள்.

மறுநாள் மணியனைப் புதைத்தார்கள்.

மூன்றாம் நாள் காலை அவள் கதவைத் திறந்தபோது சேவல் மிளகுக் கொடியடியில் நின்றது. இரை வைக்கும் நேரத்துக்கு வந்திருந்தது. கூப்பிட்டாள், வந்தது. மடியில் வைத்து இறக்கையைத் தூக்கி அவளுடைய தையலைத் தடவினாள். பதினாறு. எழவு விழுந்த வீட்டில் கறி சமைப்பதில்லை. அவள் உலை வைத்தாள்.

பத்து மணிக்குத் தூக்குச் சட்டியோடு சேனாதிபதியின் வீட்டுக்குப் போனாள். அவர் கூடத்தில் இருந்தார். முன்ஜாமீனுக்கு வழி சொல்ல வக்கீல் வந்திருந்தார்.

"என்னது?" என்றார் சேனாதிபதி.

"கோச்சை. ஜெயிச்சவங்களுக்குச் சேர வேண்டியது. போன வருசமே வந்திருக்கணும். நான்தான் பிந்திட்டேன்."

அவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் சட்டியைப் பார்த்தார்.

"காப்பிச் செடிக்குள்ள எத்திவிட்ட கத்திய யோகேசு எடுத்துட்டான் மொதலாளி. நூலும் இருக்கு. ஸ்டேசன்ல குடுத்தாச்சு."

சேனாதிபதி மூடியைத் திறந்தார். குழம்புக்கு மேலே ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. நடுவிரலில் நகமில்லை.

அவள் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாள். வத்தலக்குண்டு பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. தம்பிக்கு இடது கையில் கஞ்சி டம்ளரைப் பிடிக்க இன்னும் பழகவில்லை. அவள் கொஞ்சம் வேகமாக நடந்தாள்.